அத்தை பொட்டு வைத்த கல்

வெயில் ஏறிய பிறகு வீட்டிலிருந்து கடலுக்கு ஒரே ஓட்டமாக ஓட முடியாது, நடுவில் காயப்போட்ட வலையின் மேல் நின்று காலை ஆற்றிக்கொண்டுதான் போக வேண்டும், அவ்வளவு மணல் நமக்கு இருந்தது என்று சொன்னால் என் மகள் சிரிக்கிறாள். உங்கள் வீட்டுப் பிள்ளைகளும் சிரிப்பார்கள். அவர்களுக்குக் கடற்கரை என்றால் கருங்கல். கல்லின் மேல் உட்கார்ந்து படம் எடுத்துக்கொள்வார்கள், கீழே அலை வந்து மோதும், அவ்வளவுதான். இப்போது ஊர் நடுவே உள்ள கடற்கரையில் கொஞ்சம் மணலைத் திரும்ப வரவழைத்திருக்கிறார்கள். ஞாயிற்றுக்கிழமைகளில் அங்கே கால் வைக்க இடமில்லை. நம் குப்பம் வரை அது வந்து சேரவில்லை.

அந்த மணலில் கால் சுட்டுக்கொண்டவர்களுக்காகத்தான் இதை எழுதுகிறேன். நான் சொல்லப்போவதில் பாதியை நீங்களும் கூட நின்று பார்த்திருக்கிறீர்கள். மீதிப் பாதி எனக்கே இந்த வருஷம்தான் தெரிந்தது.

அப்போது நான் ஐந்தாம் வகுப்பு. தெற்கே ஆற்று முகத்தில் துறைமுகத்துக்காகக் கடலுக்குள் நீளமாகக் கல் கொட்டி முடித்திருந்தார்கள். கப்பல் வரும் என்று எல்லோரும் சொன்னார்கள். எல்லோரையும்விடச் சத்தமாகச் சொன்னவர் என் அப்பா. குப்பத்துப் பஞ்சாயத்தாரில் எட்டாவது வரை படித்தவர் அவர் ஒருவர்தான். அதிகாரிகள் வந்தால் பெட்டியிலிருந்து வெள்ளைச் சட்டையை எடுத்துப் போட்டுக்கொண்டு போய்ப் பேசுவார். அந்தச் சட்டையில் ரசகற்பூர உருண்டை வாசனை அடிக்கும். அந்த வாசனை வந்தால் ஏதோ நல்லது நடக்கப்போகிறது என்று எனக்குத் தோன்றும்.

"இனிமே இங்கேருந்தே கப்பலேறி பிரான்சுக்குப் போவலாம்" என்பார் அப்பா.

"போயி? நாம இன்னா சொல்தாவாண்ணே, எறங்குனதும் பென்ஷன் குடுக்க?" என்று கேட்பாள் அத்தை. பிரெஞ்சுப் பட்டாளத்தில் இருந்துவிட்டு வந்து பென்ஷன் வாங்குகிறவர்களை ஊரில் சொல்தா என்பார்கள். அம்மா மீன் கொடுக்கும் வீடுகளில் பாதி சொல்தா வீடுகள். அத்தை இப்படிக் கேட்டதும் அப்பாவுக்கே சிரிப்பு வந்துவிடும்.

அத்தை அப்பாவின் ஒரே தங்கை. வடக்கே பக்கத்துக் குப்பத்தில் கட்டிக்கொடுத்திருந்தார்கள். கரையோரமாகவே நடந்தால் கையில் எடுத்துக்கொண்டு போகிற குழம்பு ஆறுவதற்குள் போய்விடலாம். அத்தை மகளுக்கும் எனக்கும் ஒரே வயது. அவர்கள் வீட்டுக்கும் எங்கள் வீட்டுக்கும் நடுவில் இருந்த அவ்வளவு மணலும் எங்கள் இரண்டு பேருக்கும் சொந்தம் என்றுதான் நினைத்திருந்தோம்.

கப்பல் வரவில்லை. தெற்கேயிருந்து வரும் மணலைத் துறைமுகக் கல் மறித்துவிட, எங்கள் கரையின் மணல் போக ஆரம்பித்தது. முதலில் பெண்கள் மீன் காயவைக்கும் இடம் போனது. அப்புறம் கட்டுமரங்களை ஏற்றிவைக்கும் மேடு. ஒரு பௌர்ணமிக்கு வந்த அலை திரும்பிப் போகும்போது முன்வரிசைத் தென்னைகளின் வேரைத் தோண்டிவிட்டுப் போனது. வேரெல்லாம் வெளியே தெரிய அந்த மரங்கள் நின்ற கோலத்தைப் பார்க்க எனக்குக் கூச்சமாக இருந்தது, பெரியவர்கள் துணி மாற்றுவதைப் பார்த்துவிட்ட மாதிரி. அம்மா சமையலறையின் பின்சுவரை அடிக்கடி கையால் தட்டிப் பார்ப்பாள். ஒருநாள் தட்டிவிட்டு அரிசி டின்னை முன்கட்டுக்கு நகர்த்தினாள்.

அந்தச் சமயத்தில்தான் இஞ்சினியர் வந்தார். ஒல்லியான ஆள், கழுத்துப் பட்டனையும் போட்டிருந்தார். அம்மா கலர் சோடா வாங்கிவரச் சொன்னாள். அவர் வீட்டுக்குள் வரவில்லை, மிச்சமிருந்த மணலில் குந்தினார், அப்பாவும் குந்தினார். நான் சோடாவைப் பிடித்துக்கொண்டு பக்கத்தில் நின்றேன்.

அவர் ஒரு குச்சியால் மணலில் நீளக்கோடு போட்டார். கோட்டின் ஓரத்தில் ஒரு சிப்பியை வைத்தார். கொஞ்சம் தள்ளி இன்னொரு சிப்பி. முதல் சிப்பியின் முன்னால் சின்னச் சின்னக் கற்களாக அடுக்கினார். பிறகு இரண்டாவது சிப்பியின் முன்னால் இருந்த மணலை உள்ளங்கையால் வழித்து வழித்து எடுத்தார். சிப்பி சாய்ந்து பள்ளத்தில் விழுந்தது. எனக்கு அது விளையாட்டாகத் தெரிந்தது. சிரித்துவிட்டேன்.

"உள்ள போடீ" என்றார் அப்பா.

வாசலில் நின்று திரும்பிப் பார்த்தேன். இஞ்சினியர் எழுந்து போன பிறகு அப்பா கொஞ்ச நேரம் அந்தக் கோட்டையே பார்த்துக்கொண்டிருந்தார். பிறகு எழுந்து காலால் எல்லாவற்றையும் கலைத்தார். அவர் போனதும் நான் ஓடிப்போய் அந்த இரண்டாவது சிப்பியைத் தேடி எடுத்துக்கொண்டேன். முதல் சிப்பியைவிட அதுதான் அழகு, உள்ளே ரோஸ் நிறம். காம்பஸ் பெட்டியில் ரொம்ப நாள் வைத்திருந்தேன். எப்போது தொலைத்தேன் என்று தெரியவில்லை.

அதற்கப்புறம் மறியல். உங்களில் பலர் அன்று என் பக்கத்தில் உட்கார்ந்திருந்தீர்கள். அலையைத் தடுக்கக் குப்பத்துக் கரையில் கல் கொட்டவேண்டும் என்று பெரிய ரோட்டில் பள்ளிக்கூடத்துப் பிள்ளைகளை முன்வரிசையில் உட்காரவைத்தார்கள். "போடு போடு கல்லப் போடு" என்று பெரியவர்கள் கத்த, நாம் பின்னாலேயே "சோறு போடு" என்று சேர்த்துக் கத்தினோம். சிவப்புத் தொப்பி போலீஸ்காரர்கள் சுற்றி நின்றார்கள். மதியம் நெருங்க நெருங்கக் கூட்டம் கலைய ஆரம்பித்தது. அம்மாக்கள் பிள்ளைகளை ஜாடை காட்டிக் கூப்பிட்டார்கள்.

அப்போது வடக்கேயிருந்து அத்தை வந்தாள். தனியாக இல்லை. அவள் குப்பமே பின்னால் வந்தது. தலையில் சும்மாட்டின் மேல் பெரிய பித்தளை அன்னக்கூடை, அது நிறையப் புளிச்சோறு. அவளுடைய கல்யாணச் சீரில் வந்த அன்னக்கூடை அது, விளிம்பில் அவள் பெயர் வெட்டியிருக்கும். நடுரோட்டில் அதை இறக்கிவைத்துவிட்டு, முந்தானையால் முகத்தைத் துடைத்துக்கொண்டு உட்கார்ந்தாள்.

ஒரு போலீஸ்காரர் கேட்டார். "ஏம்மா, நீ இந்தக் குப்பம் இல்லியே. நீ இன்னாத்துக்கு வந்து குந்துற?"

"பொறந்த ஊடு சார். பொறந்த ஊட்டுக்கு ஒண்ணுன்னா உங்க ஊட்டம்மா சும்மா இருப்பாங்களா?"

"அவ எதுக்குமே சும்மா இருக்க மாட்டாம்மா" என்றார் அவர். கூட இருந்த போலீஸ்காரர்கள் முகத்தைத் திருப்பிக்கொண்டு சிரித்தார்கள். அத்தை அவருக்கும் ஒரு வாழையிலைத் துண்டில் சோறு வைத்துக் கொடுத்தாள். கலைந்த கூட்டம் மறுபடி கூடியது. அன்று ரோடு திறக்கவே இல்லை. அதிகாரி வந்து ஒப்புக்கொண்டுவிட்டுத்தான் போனார்.

சில வாரங்களில் லாரிகள் வந்தன. முதல் லாரிக்கு மாலை போட்டோம். ஒரு ஆளால் கட்டிப்பிடிக்க முடியாத கல் ஒன்று முதலில் இறங்கியது. அப்படியே கடலில் தள்ளக் கூடாது, பூஜை போட்டுத்தான் தள்ளவேண்டும் என்று பஞ்சாயத்தார் சொன்னார்கள். யார் கை வைப்பது என்று பேச்சு வந்தபோது, குப்பத்தில் பிறந்து வெளியே வாழப்போன பெண் கை வைத்தால்தான் விளங்கும் என்றார் ஒரு பெரியவர். எல்லோரும் அத்தையைப் பார்த்தார்கள்.

அத்தைக்கு வெட்கம். மஞ்சளைக் குழைத்துக் கல்லின் நெற்றி மாதிரி இருந்த இடத்தில் பூசினாள், குங்குமம் வைத்தாள், கற்பூரம் ஏற்றினாள். நானும் அத்தை மகளும் ஆளுக்கொரு பக்கம் நின்று காற்றுக்கு மறைப்புப் பிடித்தோம். "எங்க அண்ணன் ஊட்டக் காப்பாத்துப்பா" என்று அவள் கல்லிடம் சொன்னது எங்கள் இரண்டு பேருக்கும் கேட்டது.

அப்பா வெள்ளைச் சட்டையில் கைகூப்பி நின்றிருந்தார்.

அத்தை திரும்பிச் சிரித்தாள். "அண்ணே, அடுத்து எங்களுக்குண்ணே."

"அடுத்து உங்களுக்குத்தாம்மா" என்றார் அப்பா.

அந்த வார்த்தையை இப்போது எத்தனை முறை திருப்பித் திருப்பிப் பார்க்கிறேன்.

அந்தக் கல் கரையோரத்திலேயே நெற்றி வெளியே தெரிய உட்கார்ந்தது. எங்கள் வீட்டுச் சுவர் நின்றது. அலை கல்லில் மோதித் திரும்பியது. கட்டுமரம் ஏற்ற இடமில்லாமல் ஆண்கள் தெற்கே துறைமுகத்துக்குள் கொண்டுபோய்க் கட்டத் தொடங்கினார்கள் என்றாலும் வீடு நின்றது, அதுவே பெரிது என்றார்கள். அந்த மழைக்காலத்தில் கடல் அத்தையின் குப்பத்துக்குப் போனது.

லீவு நாள் ஒன்றில் நானும் அத்தை மகளும் அவர்கள் வாசலில் புளியங்கொட்டை ஆடிக்கொண்டிருந்தோம். சத்தம் எதுவும் பெரிதாகக் கேட்கவில்லை. டீயில் நனைந்த ரொட்டி உடைவது மாதிரி அவர்கள் பின்சுவர் அப்படியே உட்கார்ந்தது. இருந்தாற்போல் வீட்டுக்குள் வெளிச்சம். அடுப்புக்குப் பின்னால் கடல் தெரிந்தது. அத்தை அழவில்லை. மாமாவைக் கூப்பிட்டு முதலில் வாசல் கதவைக் கழற்றச் சொன்னாள். மரம் நல்ல மரமாம்.

கொஞ்ச நாள் எங்களோடு இருந்தார்கள். அப்புறம் உழவர்கரைப் பக்கம் வாடகைக்குப் போனார்கள். கடலில் பிறந்த மாமா மார்க்கெட்டில் மூட்டை தூக்கினார். போவதற்கு முன் அத்தை கேட்டாள். "எங்க குப்பத்துக்குக் கல்லு எப்பண்ணே?"

"சொல்லியிருக்கேம்மா. வரும்."

வந்தது. அத்தையின் தெரு முழுவதும் போன பிறகு வந்தது. பிறகு யார் கேட்டாலும் அப்பா ஒரே பதில் வைத்திருந்தார். "மச்சான் ஊட்ட அலையோரத்துல கொண்டுபோயி கட்டிட்டான். சொன்னா கேட்டாத்தானே?" நானும் அதை நம்பினேன். பெரியவளான பிறகு நானே நாலு பேரிடம் அப்படிச் சொல்லியும் இருக்கிறேன். மாமாவின் வீட்டைவிட எங்கள் வீடு கடலுக்குக் கிட்டே இருந்தது என்பது எனக்கு ஏன் தோன்றவில்லை?

அந்த வீட்டில் இருந்துதான் நான் படித்தேன், டீச்சரானேன். அதை விற்றுத்தான் கடலை விட்டுத் தள்ளி, சாரம் பகுதியில் இந்த வீட்டை வாங்கினோம். அம்மா போய்விட்டாள். அப்பா என்னோடு இருக்கிறார், முன்னறைக் கட்டிலில். என் வீட்டுக்காரருக்குச் சென்னையில் வேலை, வாரக் கடைசியில் வருவார். எங்களுடையது தெரு முனை வீடு. மழை பெய்தால் முனை வாய்க்கால் நிரம்பித் தண்ணீர் எங்கள் தெருவுக்குள்தான் திரும்பும். போன மழையில் வீட்டுக்குள் வந்துவிட்டது. மகளின் பாடப்புத்தகங்களை வெயிலில் தாள் தாளாகப் பிரித்துக் காயவைத்தேன். அதிலிருந்து கருமேகத்தைப் பார்த்தாலே வாசலுக்குப் போய் வாய்க்காலை எட்டிப் பார்ப்பேன்.

தெருக்காரர்கள் என் வீட்டு முன்னறையில் கூடினார்கள். முனையில் குறுக்கே ஒரு சுவர் எழுப்பிவிட்டால் தண்ணீர் நம் பக்கம் திரும்பாது என்றார் எதிர்வீட்டுக்காரர். அந்தச் சுவர் என் காம்பவுண்டில் வந்துதான் முட்டவேண்டும். அதனால் நான் சரி என்று சொல்லவேண்டும். சொல்கிற நிலைமையில்தான் இருந்தேன். காபி கலக்கப் போகும்போதே மனதுக்குள் சரி என்று சொல்லியாகிவிட்டது.

"இங்க திரும்பலன்னா அது எங்க போவும்?" என்று கேட்டாள் பக்கத்து வீட்டுப் பெண்.

"பின்தெருவுக்கு."

"அங்க எல்லாம் ஷீட்டு போட்ட ஊடாச்சே. பாவங்க."

கட்டிலிலிருந்து அப்பாவின் குரல் வந்தது. "இருக்கட்டும். நாங்க கல்லு போட்டப்ப அந்தாண்ட ஊடு இல்லியா? அப்பவும் இருந்துச்சு. தெரிஞ்சேதான் போட்டோம். யோசிச்சா ஒண்ணும் நடக்காது. அடைச்சிடுங்க."

"ஐயா அனுபவஸ்தர்" என்றார் எதிர்வீட்டுக்காரர். நான் காபித் தட்டோடு நின்றிருந்தேன். எனக்கு ரோஸ் நிறச் சிப்பி ஞாபகம் வந்தது. அது சாய்ந்து விழுந்த விதம் ஞாபகம் வந்தது.

எல்லோரும் போன பிறகு கேட்டேன். "தெரிஞ்சேன்னா? அத்த ஊடு போவும்னு தெரியுமாப்பா?"

"அந்த இஞ்சினியர் சொன்னான். இங்க போட்டா அங்க தின்னும்னான்."

"அத்தகிட்ட சொல்லியிருக்கலாமே."

"சொன்னா ரோட்டுல வந்து குந்தியிருப்பாளா? அன்னிக்கு நம்ம ஆளுங்க எழுந்திரிச்சுட்டாங்க. அவ இட்டாந்த ஜனந்தான் கடைசி வரைக்கும் இருந்துச்சு."

"மஞ்சள் பூசுனாங்களேப்பா. பாத்துகினு நின்னீங்களே."

அப்பா போர்வையை இழுத்துவிட்டுக்கொண்டார். "உன்னத் தூக்கிகினு நான் நடுரோட்டுல நிக்கறதா? யாரு ஊடாவது போவத்தான் போவுது. என் ஊடு போவக் கூடாதுன்னு பாத்தேன். நீ மட்டும் இப்ப வேற இன்னா பண்ணப்போற?"

அந்தக் கடைசிக் கேள்விதான் என்னை உலுக்கியது. அவர் பொய் சொன்னார் என்று அழுதேனா, நானும் அதே இடத்தில் நிற்கிறேன் என்று அழுதேனா, பிரித்துச் சொல்லத் தெரியவில்லை. துறைமுகம் ஏமாற்றியது என்று நாம் இத்தனை வருஷம் பேசிவருகிறோம். பேசுங்கள், அது உண்மைதான். ஆனால் கப்பல் வரும் என்று சொன்ன எவனும் அத்தைக்கு அண்ணன் இல்லை. அவளை அந்தக் கல்லின் முன்னால் கொண்டுபோய் நிறுத்தியவர் எந்த அதிகாரியும் இல்லை. என் பள்ளிக்கூடப் பையைத் தோளில் மாட்டிவிட்ட அதே கை.

அத்தை மகள் கதிர்காமம் ஆஸ்பத்திரியில் ஆயா வேலை பார்க்கிறாள். அத்தை போய்ச் சேர்ந்து சில வருஷம் ஆகிறது. இவளிடம் மறைத்தால் நானும் காலால் கலைத்த மாதிரி ஆகிவிடும் என்று தோன்றியது. போன் பண்ணிச் சொன்னேன். முழுதும் கேட்டாள். பின்னால் டிராலி உருளும் சத்தம் வந்துகொண்டிருந்தது.

"எங்கம்மா வருஷா வருஷம் மாசி மகத்துக்கு உங்க குப்பத்துக்கு வருமே, ஏன்னு தெரியுமாடி?" என்று கேட்டாள்.

"சாமி பாக்க."

"சாமிய எங்க பாத்துச்சு? அந்தக் கல்லுக்குத்தான் கற்பூரம் காட்டிட்டு வரும். எங்க அண்ணன் ஊட்ட நிக்க வெச்ச கல்லுன்னு சொல்லும். நடக்க முடியாமப் போன வருஷங்கூட என்னய அனுப்புச்சு. நானும் காட்டிட்டு வந்தேன்."

"இருடி, நான் சொல்றத கேளு" என்றேன்.

"வார்டுல கூப்புடுறாங்க. வெக்கறேன்" என்றாள். அதற்கப்புறம் அவள் கூப்பிடவில்லை. நான் கூப்பிட்டால் எடுப்பதுமில்லை.

சுவர் வேண்டாம் என்று சொல்லிவிட்டேன். எதிர்வீட்டுக்காரர், "டீச்சர், பின்தெருவுல யாரு உங்களுக்குச் சொந்தக்காரங்க?" என்று கேட்டார். யாரும் இல்லை என்றேன். வாய்க்காலை இரண்டு தெருவுக்கும் சேர்த்து ஆழப்படுத்தக் கேட்கலாம், பின்தெரு ஆட்களையும் கூப்பிட்டுக்கொண்டு போகலாம் என்றேன். "அது நடந்தா நடக்கட்டும், அதுவரைக்கும் மழை நமக்காக நிக்காதே" என்றார். அவர் சொன்னதும் நியாயம்தான். இப்போது தெருவில் என்னோடு சரியாகப் பேசுகிறவள் பக்கத்து வீட்டுப் பெண் ஒருத்திதான்.

மழை எங்களுக்காக நிற்கவில்லை. காலையில் பள்ளிக்கூடங்களுக்கு லீவு விட்டார்கள். மதியத்துக்குள் வாய்க்கால் நிரம்பி, வாசற்படி ஏறி, முன்னறைக்குள் தண்ணீர் வந்தது. புத்தகங்களை இந்த முறை முன்பே மேலே ஏற்றிவிட்டேன். அப்பா கட்டிலில் காலைத் தூக்கி வைத்துக்கொண்டு உட்கார்ந்திருந்தார்.

"ஒரு சொவரு வெக்கத் துப்பில்ல. உங்க அத்த புத்திடீ உனக்கு. ஏமாளிப் புத்தி."

என் மகள் பரண்மேல் ஏறி, தண்ணீரை இறைக்க ஏதாவது பெரிய பாத்திரம் இருக்கிறதா என்று தேடினாள். சாமான்களுக்கு அடியிலிருந்து எதையோ இழுத்துக் கீழே கொடுத்தாள். அன்னக்கூடை. மறியல் அன்று எங்கள் வீட்டில் தங்கிப்போனது. அத்தை திருப்பிக் கேட்கவில்லை, நாங்களும் கொடுக்கவில்லை. வீடு மாறும்போது அதுவும் எங்களோடு வந்திருக்கிறது.

இருவரும் ஆளுக்கொரு பக்கம் பிடித்து மொண்டு மொண்டு வாசலில் ஊற்றினோம். நாலைந்து முறை ஊற்றியிருப்போம். மகள் விளிம்பைக் கட்டைவிரலால் தேய்த்துப் பார்த்தாள்.

"இதுல வேற யாரு பேரோ வெட்டியிருக்கு. யாரும்மா இது?"

அத்தையின் பெயரை என் மகள் அதுவரை கேட்டதே இல்லை. எங்கள் வீட்டில் அதை யாரும் சொல்வதில்லை. இங்கேயும் நான் எழுதவில்லை, உங்களுக்குத் தெரியும். ஆனால் அன்று சொன்னேன். மழைச் சத்தத்துக்கு மேலே, கட்டில் வரைக்கும் கேட்கும்படி, இரண்டு தரம் சொன்னேன்.